தோற்பதற்கு எடை குறைத்தவன்

தோற்கப் போகிறவன் எதற்காகப் பட்டினி கிடக்க வேண்டும் என்பது ஜோயாவுக்கு விளங்கவே இல்லை. ஊர் முழுக்க வெண்ணெய் வாரம். பெரிய நோன்பு தொடங்குவதற்குள் தின்று தீர்த்துவிட வேண்டும் என்று ஒசினோவ்காவில் ஒவ்வொரு வீட்டுச் சட்டியிலும் பிளினி என்கிற மெல்லிய தோசை வெந்துகொண்டிருந்தது. தெருவில் நடந்தாலே வெண்ணெய் வாசனை தொண்டையில் இறங்கியது. இவள் புருஷன் அர்சேனி மட்டும் கொல்லையிலிருந்த பான்யா என்கிற ஆவிக்குளியல் அறைக்குள், கொதிக்கிற ஆவிக்கு நடுவே, இரண்டு கம்பளிச் சட்டையும் அதற்கு மேல் ஒரு ரப்பர் கோட்டும் மாட்டிக்கொண்டு, ஒரு தகர டப்பாவில் எச்சில் துப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எச்சிலுக்கும் எடை உண்டாம். முப்பத்து மூன்று வயது எருமை சொல்கிற நியாயம்.

ஜோயா கதவைத் தள்ளித் தலையை நீட்டினாள்.

"இருக்கியா, செத்துட்டியா?"

"கதவைச் சாத்து ஜோயா. சூடு போயிடும்."

"பிளினி சுட்டிருக்கேன். பாலேடு ஊத்தி ரெண்டே ரெண்டு தின்னேன். என்ன குடி முழுகிடும்?"

"எடை கூடுச்சுன்னா களத்துல ஏறவே விடமாட்டாங்க."

"ஏறி என்னத்தைக் கிழிக்கப் போற? விழத்தானே போற? விழறதுக்கு எதுக்குடா இவ்ளோ சீவி முடிச்சு சிங்காரம்?"

அர்சேனி உதட்டைத் துடைத்துக்கொண்டான். நாக்கு வறண்டு, பேச்சு ஒட்டி ஒட்டி வந்தது. "எதிக் அந்த எடையிலதான் இருக்கான். அவன்கிட்ட விழணும்னா நானும் அந்த எடைக்கு வரணும். சட்டம் அது."

"நல்ல சட்டம்! திருடப் போறவன் செருப்பைக் கழட்டி வெச்சுட்டுப் போன மாதிரி."

அவன் மறுபடியும் டப்பாவை எடுத்தான். ஜோயா கதவை அறைந்து சாத்திவிட்டு, உருகிய பனியும் சேறுமாய்க் கிடந்த முற்றத்தில் காலை வைத்து வைத்து அடுப்படிக்கு வந்தாள். கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. இத்தனை கேலி பேசினாலும், அவன் விழ வேண்டும் என்று அந்த ஊரில் அவளைவிட அதிகமாக ஆசைப்பட்டவர்கள் யாரும் இல்லை.

விஷயம் இதுதான். மாவட்ட நிர்வாகத்தில் விளையாட்டைக் கவனிப்பவர் வலேரி பிளாத்தோனவிச். விளையாட்டை என்றால் விளையாட்டையே என்று எண்ணிவிட வேண்டாம். விளையாட்டுக்கென்று வருகிற கட்டடம், நாற்காலி, திறப்பு விழா, அதற்குப் பின்னால் நடக்கிற விருந்து, இவற்றைக் கவனிப்பவர். போன ஞாயிற்றுக்கிழமை தொப்பியைக்கூடக் கழற்றாமல் இவர்கள் மேசையில் வந்து உட்கார்ந்தார். ஜோயா சுட்டுப் போடப்போட, ஒவ்வொரு பிளினியையும் நாலாய் மடித்து, பாலேட்டில் முக்கி, கன்னத்துக்குள் அடக்கி அடக்கிப் பேசினார்.

"அர்சேனி, நம்ம விளையாட்டுப் பள்ளியில பயிற்சியாளர் இடம் காலியா இருக்கு. தெரியும்ல?"

"தெரியும், வலேரி பிளாத்தோனவிச்."

"உன்னைவிட்டா இந்த ஊர்ல வேற யாருக்கு அந்த இடம்? நீ எங்க பெருமையாச்சே. என் பையன் எதிக்குக்கு மாஸ்டர் பட்டத்துக்கு ஒரே ஒரு வெற்றிதான் பாக்கி. மாஸ்டர் ஒருத்தனை ஜெயிச்சாகணும். மாகாணப் போட்டி நம்ம ஊர்லயே நடக்குது. எல்லாம் கூடி வருது பாரு."

அர்சேனி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜோயாதான் கேட்டாள்: "விழுந்தா வேலை உறுதியா?"

"சீச்சீ, விழறதுன்னு யாரும்மா சொன்னா? இளைய தலைமுறைக்கு வழிவிடுறது." வலேரி பிளாத்தோனவிச் விரலை நக்கினார். "உன் கைக்குத் தங்க வளையல் போடணும். என்ன ருசி!"

அவர் போனதும் அவர் உட்கார்ந்த நாற்காலியை ஜோயா ஈரத்துணியால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே சொன்னாள்: "விழுந்துடு."

"ஜோயா."

"விழுந்துடுன்னேன். இல்லேன்னா உன் மச்சான்காரன் சொன்ன மாதிரி வடக்கே எரிவாயு வயலுக்குத்தான் போகணும். ரெண்டு மாசம் அங்க, ஒரு மாசம் இங்க. எங்கப்பனும் அப்படித்தான் போனான். முதல்ல மாசக் கணக்கு தவறாம வந்தான். அப்புறம் புத்தாண்டுக்கு மட்டும் வந்தான். அப்புறம் அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கிட்டான்னு ஊரார் வந்து எங்கம்மாகிட்ட சொன்னாங்க. அப்பன் வருவானான்னு பாத்து நின்ன அந்த ஜன்னலண்டை நான் இன்னொரு தரம் நிக்கமாட்டேன். எனக்கு ஆள் வேணும். வீட்ல, ராத்திரி, குறட்டை விடுறதுக்காவது."

அவன் மறுநாளிலிருந்து சாப்பாட்டைக் குறைத்தான்.

அர்சேனியின் வரலாறே இவ்வளவுதான். கோட்டுப் போட்ட எவனாவது வந்து ஏதாவது சொல்வான், இவன் தலையாட்டுவான். கொதிகலன் நிலையத்தை ஒட்டின பழைய கூடத்தில், சூடான குழாய்களுக்குப் பக்கத்தில் மரத்தூள் அடைத்த மெத்தையில் உருண்டு சாம்போ மல்யுத்தம் கற்றவன். மீசை முளைக்கிற வயதில் மாஸ்டர் ஆனான். எதிராளியின் காலைப் பிடித்தானென்றால் முதலை பிடித்த மாதிரிதான். பட்டாளத்தில் விளையாட்டுப் பிரிவில் போட்டார்கள். அங்கே ஒரு கோட்டுக்காரன் வந்தான்: "தம்பி, சாம்போவுக்கு ஒலிம்பிக் கிடையாது, ஜூடோவுக்கு வா." இவன் சிவப்புச் சட்டையைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சட்டை மாட்டினான். நன்றாகத்தான் ஜெயித்துக்கொண்டிருந்தான். அதற்குள் ஜூடோவின் பெரிய தலைகள் கூடி, இனி யாரும் எதிராளியின் காலைக் கையால் தொடக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள். தச்சனிடம் உளியைப் பிடுங்கிக்கொண்டு மேசை செய் என்ற கதை. அப்படியும் தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்டு தேசியப் போட்டியின் கடைசிச் சுற்று வரைக்கும் போனான். முடிய நாலு நொடி இருக்கையில் முன்னாலும் இருந்தான். எதிராளி பாய்ந்து வந்தான். அர்சேனியின் கை, அவனைக் கேட்காமலே, கீழே போய் அந்தக் காலைப் பிடித்தது. அத்தோடு வெளியே. வீட்டுக்கு வந்து, "கையை வீட்லயே வெச்சுட்டுப் போயிருக்கணும்" என்று மட்டும் சொன்னான்.

மறுபடியும் சாம்போவுக்குத் திரும்பியபோது இவனைவிட இளசுகள் வந்துவிட்டிருந்தன. மூன்றாவது இடம், ஐந்தாவது இடம், அப்புறம் தொழிற்சாலைக் கோப்பை, மாநகர் தினக் கோப்பை. ஒரு கோப்பையில் ஜோயா துணிக்குப் போடும் கிளிப்புகளை வைத்திருந்தாள், இன்னொன்றில் வெங்காயம். அர்சேனி மர அறுவை ஆலையில் காவல் வேலை பார்த்தான். ஆலையையும் மூடிவிட்டார்கள். மாவட்டத் தலைமகன் என்று மேடையேற்றிப் பூச்செண்டு கொடுத்த எவனும், சோற்றுக்கு என்ன செய்கிறாய் என்று ஒருநாள் கேட்டதில்லை.

போட்டிக்கு முந்தின நாள் ஜோயா வேலைக்குப் போயிருந்தாள். பெல்மேனி செய்கிற பட்டறை அது. நீளமான மேசையில் மாவைத் தூவி, வட்டம் வட்டமாய் அப்பளம் போல் வெட்டி, நடுவில் அரைத்த இறைச்சி வைத்து, மடித்து, இரண்டு முனையையும் கிள்ளி ஒட்டவேண்டும். விரல்களுக்குக் கண் தேவையில்லை. வாய் சும்மா கிடக்கவும் தேவையில்லை. எதிரே நின்ற ஃபாயினா ஆரம்பித்தாள். அவள் புருஷன் பேருந்து ஓட்டுகிறவன், அவனும் ஒரு காலத்தில் அந்தக் கொதிகலன் கூடத்தில் உருண்டவன்தான்.

"ஏண்டி ஜோயா, நாளைக்கு உன் ஆள் விழறானாமே?"

ஜோயாவின் கை நின்றது. "யாருடி சொன்னா?"

"யாரு சொல்லலை? கசாப்புக் கடையில பேச்சு, பேருந்துல பேச்சு, சர்ச்சு வாசல்லகூடப் பேச்சு. எம் புருஷன் சொல்றான், அர்சேனிக்கு விழவே தெரியாது, அவன் உடம்பு கேக்காதுன்னு."

"கேக்கும். கேக்க வைப்பேன்."

"அந்த எதிக்கைப் பாத்திருக்கியா நீ? மாவு மூட்டை தேவலை, கொஞ்சம் விறைப்பா நிக்கும். முதல்ல என்னை ஒரு தடவை தூக்கிப் போடட்டும், அப்புறம் மாஸ்டர் பட்டம் வாங்கட்டும்."

"உன்னைத் தூக்க பாரம் தூக்குற வண்டி வேணும்டி."

ஃபாயினா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு, மாவுக் கையால் மூக்கைத் தேய்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "நான் உன்னைக் குத்தம் சொல்லலை. என் ஆளா இருந்தா நானே பிடிச்சுத் தள்ளுவேன். ஆனா ஒண்ணு. கூடத்துல உக்காந்திருக்கிறவன் அத்தனை பேரும் உருண்டவன். எது நிஜம், எது நடிப்புன்னு பொட்டைக் கண்ணனுக்கும் தெரியும். உன் ஆளு அதைத் தாங்குவானா?"

"வயித்துக்கு இல்லாதவனுக்கு மானம் எதுக்கு?" என்றாள் ஜோயா. சொன்ன பிறகு தன் குரலே அவளுக்குப் பிடிக்கவில்லை. அடுத்த பெல்மேனியின் முனையைக் கிழிந்துபோகிற அளவுக்குக் கிள்ளினாள்.

மறுநாள் அர்சேனி எடையில் சரியாக இருந்தான். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், பிணத்தைக் குளிப்பாட்டி நிறுத்தின மாதிரி வந்தான். கூடம் நிறைந்து வழிந்தது. ஈரக் கம்பளியும் வேர்வையும் கலந்த வாடை. முன்வரிசையில் வலேரி பிளாத்தோனவிச், இன்றைக்குத் தொப்பி இல்லாமல், சீவின வழுக்கையோடு இருந்தார். ஜோயா ஃபாயினாவின் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அர்சேனிக்குச் சிவப்புச் சட்டை, எதிக்குக்கு நீலச் சட்டை. எதிக் கெட்ட பிள்ளை இல்லை. இருபது வயது, வெள்ளை வெளேரென்று, அப்பன் தள்ளிவிட்ட இடத்திலெல்லாம் போய் நிற்கிற பிள்ளை. நடுவர் ஊதினார். எதிக் வந்து அர்சேனியின் சட்டையைப் பிடித்துத் திரும்பி, இடுப்பில் ஏற்றப் பார்த்தான். அர்சேனி தன் பாரத்தையெல்லாம் அவன் முதுகில் போட்டுக் கொடுத்தான். தூக்கு என்று கெஞ்சுகிற மாதிரி. எதிக்கின் முழங்கால் மடங்கியது. அவனே குப்புற விழுந்தான், அர்சேனி மேலே நின்றான். நடுவருக்கு வேறு வழியில்லை. அர்சேனிக்குப் புள்ளி கொடுத்தார்.

"டேய் சிவப்பு, உன் வேலையைப் பாருடா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்த, கூடம் சிரித்தது.

இரண்டாம் முறையும் அதே கதை. எதிக் காலைக் குறுக்கே போட்டான். போட்ட காலிலேயே தடுக்கினான். சும்மா நின்றுகொண்டிருந்த அர்சேனிக்கு மறுபடியும் புள்ளி. ஃபாயினா ஜோயாவின் தொடையில் கிள்ளினாள்.

"அடிப் பாவி, இன்னொரு தடவை இந்த மூதி விழுந்தா உன் ஆள் ஜெயிச்சே தொலைச்சுடுவான்! புள்ளி வித்தியாசம் எல்லை தாண்டினா ஆட்டத்தையே நிறுத்திடுவாங்க!"

வலேரி பிளாத்தோனவிச்சின் வழுக்கை சிவந்துகொண்டு வந்தது. அர்சேனிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அடுத்த முறை எதிக் சட்டையைத் தொட்டதும் தானாகவே மெத்தையில் உட்கார்ந்து, மல்லாந்து, வலது காலை அவன் மடியில் கொண்டுபோய்ப் போட்டான். பிடித்துக்கொள், வலிக்கிறது என்று தட்டிவிடுகிறேன், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். சாம்போவில் காலை முறுக்கலாம். பட்டவன் மெத்தையில் தட்டினால் அத்தோடு தோல்வி.

எதிக் காலைப் பிடித்தான். எப்படிப் பிடித்தான்? குளிரில் தூங்குகிறவன் தலையணையைக் கட்டிக்கொள்வதைப் போலப் பிடித்தான். அர்சேனியின் முழங்கால் எங்கேயோ கிடந்தது. எதிக் கெண்டைக்காலை அணைத்துக்கொண்டு, முகம் சிவக்க முக்கிக்கொண்டிருந்தான். அந்தப் பிடியில் கோழிக் காலுக்குக்கூட வலிக்காது.

"எதிக், முத்தம் குடுத்துடாத!" என்றான் ஒருவன்.

"அர்சேனி, தூங்கிட்டியா?" என்றான் இன்னொருவன்.

தட்டு, என்று ஜோயா மனசுக்குள் கத்தினாள். தட்டித் தொலை. சிரிக்கட்டும் நாய்கள், ஒரு வாரம் சிரிப்பார்கள், அப்புறம் அவனவன் பிழைப்பைப் பார்க்கப் போவான். தட்டுடா, என் ராசா. அர்சேனியின் வலது கை மெத்தைக்கு மேலே எழும்பி நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. அவன் தலையைத் திருப்பிக் கூட்டத்தைப் பார்த்தான். பேருந்துக்காரன், கசாப்புக்காரன், கொதிகலன் கூடத்தில் கூட உருண்ட அத்தனை பேரும் அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கை கீழே இறங்கவில்லை.

அவன் உதடு அசைவது ஜோயாவுக்குத் தெரிந்தது. முதலில் ஜெபம் பண்ணுகிறானோ என்று நினைத்தாள். களத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தவர்கள் பிறகு சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. "இன்னும் மேல வா... என் தொடையை உன் ரெண்டு முட்டிக்கு நடுவுல இறுக்கு... குதிகாலை நெஞ்சோட சேத்துப் பிடி, விடாத... இப்ப இடுப்பை முன்னால தள்ளு" என்று சொல்லிக்கொண்டிருந்தானாம் மடையன். பொய்ப்பிடிக்குத் தட்ட மனசு வரவில்லை. பிடியை நிஜமாக்கிவிட்டுத் தட்டலாம் என்று கணக்கு.

எதிக் சொன்னபடியெல்லாம் செய்தான். பிறந்ததிலிருந்து சொன்னபடி செய்தே பழகின பிள்ளை. மேலே ஏறினான், இறுக்கினான், குதிகாலை அணைத்தான். ஏதோ ஒன்று சரியாகப் பொருந்திவிட்டது என்று அவனுக்கே தெரிந்து முகம் மலர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில், இருந்த பலத்தையெல்லாம் கூட்டி இடுப்பைத் தள்ளினான். அர்சேனி கையைக் கீழே கொண்டுவருவதற்குள், ஈரத்துணியை இழுத்துக் கிழித்த மாதிரி ஒரு சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. அப்புறம் அர்சேனியின் அலறல்.

பிறகு கைதட்டினார்கள். ஆமாம், கைதட்டினார்கள், பன்றிகள். "அதுதாண்டா பிடி!" என்று பேருந்துக்காரன் எழுந்தே நின்றுவிட்டான். ஜோயா சேற்றுப் பூட்ஸோடு மெத்தைமேல் ஏறி ஓடினாள். நடுவர் ஒருவர், "அம்மா, பூட்ஸ்! பூட்ஸ்!" என்று பதறினார். அவர் முழங்கையைத் தட்டிவிட்டுப் போனாள்.

மருத்துவமனையில் தொடையிலிருந்து கணுக்கால் வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டார்கள். எலும்பு அறையில் ஆறேழு பேர். பனியில் வழுக்கி விழுந்தவர்கள் பாதி, வெண்ணெய் வாரக் குடியில் விழுந்தவர்கள் பாதி. ஜோயா ஜாடியில் சூப் கொண்டுவந்து ஸ்பூன் ஸ்பூனாய் அவன் வாயில் திணித்தாள்.

"ஏண்டா சொல்லிக் குடுத்த?"

"தப்பாப் பிடிச்சிருந்தான், ஜோயா."

"அதனால?"

"எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தாங்க."

"அவனுங்களா வந்து உன் காலைச் சேத்துவைக்கப் போறானுங்க? மானம் மானம்னு ஒரு முட்டியை வித்துட்டு வந்திருக்கியே, உன்னைக் கட்டினதுக்கு நான் கொதிகலனைக் கட்டியிருக்கலாம். வாயைத் திற. முழுங்கு."

நாலாம் நாள் வலேரி பிளாத்தோனவிச் வந்தார். கையில் ஒரு வலைப்பையில் ஆரஞ்சு, பின்னால் எதிக். எதிக்கின் மார்பில் மாஸ்டர் பட்டத்தின் புது வில்லை பளபளத்தது. அவர் கட்டிலின் கால்மாட்டில் நின்று தொண்டையைச் சரிசெய்தார்.

"என்ன செய்ய, அர்சேனி. விளையாட்டு! மேலிடத்துல பேசிப் பாத்தேன். பயிற்சியாளர்னா மெத்தையில நிக்கணும், தூக்கிக் காட்டணும்னு சொல்றாங்க. ஒத்தைக் காலோட... நீயே யோசி. இந்த வருஷம் வேற ஒருத்தரைப் போட்டுக்குவோம். அடுத்த வருஷம் பாக்கலாம்."

"வாக்குக் குடுத்தீங்க," என்றாள் ஜோயா.

"அம்மா, நான் ஆரோக்கியமான காலுக்குல்ல வாக்குக் குடுத்தேன்?"

சொல்லிவிட்டு டாக்டரைப் பார்த்து வருகிறேன் என்று தாழ்வாரத்துக்கு நழுவினார். வடக்கேயும் இனி வழியில்லை. நொண்டியை எரிவாயு வயலில் எவன் சேர்ப்பான்? ஆள் வீட்டோடு வேண்டும் என்று கேட்டாள், கிடைத்துவிட்டது. கட்டிலோடு சேர்த்துக் கிடைத்துவிட்டது.

எதிக் மட்டும் போகாமல் நின்றான். காது சிவந்திருந்தது. குனிந்து மெல்லக் கேட்டான்.

"அர்சேனி இக்னாத்தியேவிச்... மன்னிச்சுக்கோங்க. அது வந்து... வசந்தத்துல மண்டலப் போட்டி இருக்கு. மாஸ்டர்னு பேர் போட்டுத்தான் இறக்குவாங்க. அங்க எல்லாரும் நிஜ மாஸ்டர். அன்னிக்கு நீங்க சொன்னீங்களே, அதுல குதிகாலை எந்தக் கையால பிடிக்கணும்? மறந்துபோச்சு."

ஜோயா ஆரஞ்சை எடுத்து அவன் மண்டையில் எறியத் தயாராகத்தான் இருந்தாள். அர்சேனியைப் பார்த்தாள். நாலு நாளாய்ச் செத்துக் கிடந்த முகம் விழித்துக்கொண்டது. முழங்கையை ஊன்றி எழும்பினான்.

"கையில ஒண்ணும் இல்லடா. மணிக்கட்டை வெச்சுப் பிடிக்கணும், விரலை வெச்சு இல்ல. இங்க வா, கட்டில்மேல உக்காரு. சொன்னா விளங்காது." போர்வையை விலக்கி, உருப்படியாக மிச்சமிருந்த இடது காலை எதிக்கின் பக்கம் நீட்டினான். "இந்தா, பிடி."

எதிக் கையை நீட்டினான்.

ஜோயா அவன் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். போர்வையை இழுத்து அந்தக் காலை மூடினாள். பிறகு பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அந்த நல்ல காலின் மேலேயே ஏறி உட்கார்ந்தாள். பெல்மேனிப் பட்டறைக்காரியின் பாரம் கொஞ்சமில்லை. அர்சேனி, "ஐயோ" என்றான்.

"வலேரி பிளாத்தோனவிச்!" ஜோயா போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில் கிழவன் திடுக்கிட்டு விழித்தான். "இப்படி வாங்க! உங்க பிள்ளை வசந்தத்துல போய் நாலு மாகாணத்துக்கு முன்னால தலையணையைக் கட்டிப்பிடிக்கணுமா, இல்ல காலைப் பிடிக்கணுமா? சொல்லிக் குடுக்கத் தெரிஞ்சவன் இந்த ஊர்ல ஒருத்தன்தான். அவனுக்கு வாய் நல்லாத்தான் இருக்கு. மெத்தை ஓரத்துல ஒரு நாற்காலி போட்டா போதும். நாற்காலி உங்க இலாகாதானே?"

எலும்பு அறை முழுக்கச் சிரித்தது. கட்டுப் போட்டவர்கள் கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வலேரி பிளாத்தோனவிச் வாசலில் நின்று மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அப்பா, எனக்கு நிஜமாவே தெரியாதுப்பா."

அவர் வழுக்கையைத் தடவினார். "பாக்கலாம்மா. மேலிடத்துல பேசணும். இன்னிக்கு வியாழக்கிழமை... வர்ற வாரம்..."

"ஜோயா, எந்திரி, கால் மரத்துப்போகுது," என்றான் அர்சேனி.

"மரக்கட்டும்." அவள் இன்னும் கொஞ்சம் அழுத்தி உட்கார்ந்துகொண்டு, வலைப்பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்துத் தோலை உரிக்க ஆரம்பித்தாள். "போய்ப் பேசிட்டு வாங்க, வலேரி பிளாத்தோனவிச். நான் இங்கதான் உக்காந்திருக்கேன்."